இசைக் கேள்வி பதில்: நான்கு குரல்கள் போட்ட முடிச்சு

சென்ற இதழில் ராக் இசையில் பலர் சேர்ந்து பாடும் முறைகளைப் பற்றி எழுதியபோது, ஜென்டில் ஜயன்ட் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஆக்டோபஸ்' ஆல்பத்தை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்த ஆல்பத்துக்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: யெஸ், ஜெனிசிஸ், பிங்க் ஃபிளாய்ட் ஆகிய குழுக்களை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஜென்டில் ஜயன்ட் என்ற பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் யார்? அந்த ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நீங்கள் கேள்விப்படாததில் வியப்பில்லை. இந்தக் குழு இயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அதன் சொந்த நாட்டில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஃபில், டெரெக், ரே என்ற ஷுல்மன் சகோதரர்கள் மூவர்தாம் இந்தக் குழுவின் அடித்தளம். மூத்தவர்கள் இருவரும் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர்கள். குடும்பம் பின்னர் போர்ட்ஸ்மத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இசைக்கலைஞர் என்பதால் வீட்டில் கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. 1960களில் இவர்கள் சைமன் டுப்ரீ அண்ட் தி பிக் சவுண்ட் என்ற பெயரில் பாப் குழு ஒன்றை நடத்தினார்கள். 1967இல் வெளியான 'கைட்ஸ்' என்ற பாடல் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. வெற்றி கிடைத்த அந்தப் பாணியே அவர்களுக்குக் கசந்துவிட்டது. குழுவைக் கலைத்துவிட்டு 1970இல் ஜென்டில் ஜயன்ட் என்ற புதிய பெயரோடு தொடங்கினார்கள். லண்டன் ராயல் அகாதமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்புப் பயின்ற கெர்ரி மின்னியரும், ப்ளூஸ் மரபில் ஊறிய கித்தார் கலைஞர் கேரி கிரீனும் அவர்களோடு சேர்ந்தனர். இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள் வந்துபோன பின், 1972இல் வேல்ஸைச் சேர்ந்த ஜான் வெதர்ஸ் வந்தார். அவர் வாசித்த முதல் ஆல்பம்தான் 'ஆக்டோபஸ்'.

1972ஆம் ஆண்டு கோடையில் லண்டனின் அட்விஷன் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. ஒலிப்பொறியாளர் மார்ட்டின் ரஷென்ட். அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டனில் வெர்ட்டிகோ நிறுவனமும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனமும் இதை வெளியிட்டன. மொத்தம் எட்டுப் பாடல்கள். எட்டு என்ற எண்ணையும் படைப்பு என்று பொருள்படும் 'ஓபஸ்' என்ற லத்தீன் சொல்லையும் சேர்த்துத்தான் இந்தத் தலைப்பு பிறந்தது. எட்டையும் கேட்டு முடிக்க முப்பத்தைந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நேரத்துக்குள் வயலின், செல்லோ, டிரம்பெட், சாக்ஸஃபோன், வைப்ரஃபோன், சைலஃபோன், மூக் சின்தசைசர் என்று ஓர் இசைக்கடையையே திறந்து வைக்கிறார்கள். இத்தனை கருவிகளுக்கும் நடுவில் ஆல்பத்தின் உண்மையான கருவி மனிதக் குரல்தான் என்பது என் உறுதியான எண்ணம். கரகரப்பும் வலிமையும் கொண்டது டெரெக்கின் குரல்; நிதானமாகக் கதை சொல்வது போன்றது ஃபில்லின் குரல்; தேவாலயப் பாடகரின் மென்மையோடு ஒலிப்பது மின்னியரின் குரல். மூன்றும் மூன்று விதம். ஒன்றோடொன்று கரைந்துபோகாத இந்தக் குரல்கள் ஒரே பாட்டில் தத்தம் வழியே நடப்பதைக் கேட்பதுதான் இந்த ஆல்பத்தின் பேறு.

கேள்வி: ஹார்மனி என்றால் இரண்டு மூன்று பேர் ஏற்றத்தாழ்வான சுரங்களில் சேர்ந்து பாடுவது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் குழு பாடுவது அதிலிருந்து வேறுபட்டது என்று எழுதியிருந்தீர்கள். விளக்க முடியுமா? (திருச்சி வாசகி)

பதில்: விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் ஆல்பத்தின் பாதி புரிந்ததுபோல்தான்.

நம் கச்சேரி மேடையில் இருவர் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே சுரத்தில், ஒரே வழியில் செல்வார்கள். மேற்கத்திய பாப் இசையில் நாம் அதிகம் கேட்பது அடுத்த படி: ஒரே சொல்லை, ஒரே நேரத்தில், ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் பிடித்துக்கொள்வார்கள். பீச் பாய்ஸ், கிராஸ்பி ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் போன்றோர் புகழ்பெற்றது இந்த முறையில். இதில் குரல்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே அடி எடுத்து வைக்கின்றன. கேட்பவருக்கு அது பல வண்ணம் பூசிய ஒரே மெட்டாகத் தோன்றும்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு. அதைக் கவுன்ட்டர்பாயின்ட் என்பார்கள். அதில் ஒவ்வொரு குரலுக்கும் தனி மெட்டு, தனி நடை. ஒருவர் நீட்டி நிறுத்தும் இடத்தில் மற்றவர் துள்ளிச் செல்வார். ஆயினும் எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் அத்தனை சுரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியிலும் பின்னர் இங்கிலாந்திலும் செழித்த மாட்ரிகல் என்ற பலகுரல் பாட்டு வடிவம் இந்தக் கலையின் ஒரு சிகரம். நான்காவதாக ஹாக்கெட் என்ற இன்னும் பழைய உத்தி ஒன்று, இடைக்கால ஐரோப்பாவிலிருந்தே இருக்கிறது. ஒரே மெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, முதல் அசையை ஒருவரும் அடுத்த அசையை இன்னொருவரும் பாடுவார்கள். ஒருவர் ஒலிக்கும்போது மற்றவர் மௌனமாக இருப்பார்.

'ஆக்டோபஸ்' ஆல்பத்தின் நான்காவது பாடலான 'நாட்ஸ்' கடைசியாகச் சொன்ன இரண்டு முறைகளையும் ராக் இசைக்குள் கொண்டுவந்து வைக்கிறது. தொடக்கத்தில் கருவி எதுவும் இல்லை. ஒரு குரல், உரக்கப் பாடாமல், ஏதோ கணக்குச் சொல்வதுபோல் அளந்து அளந்து சில அசைகளைப் போடுகிறது. அது மூச்சு வாங்கும் இடைவெளியில் இன்னொரு குரல் நுழைந்து மிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்றாவதும் நான்காவதும் வந்தபின் யார் எந்தச் சொல்லைத் தொடங்கினார், யார் முடித்தார் என்று சொல்ல முடியாதபடி பின்னல் இறுகிவிடுகிறது. எதிரொலி அதிகம் சேர்க்காமல் நெருக்கமாகப் பதிவுசெய்திருப்பதால், 't', 'k' போன்ற மெய்யெழுத்துகள் நாவிலிருந்து தெறிப்பதுகூடத் தாளக்கருவிபோல் கேட்கிறது. பிறகு சைலஃபோன் மரக்கட்டைச் சத்தத்தோடு அதே விளையாட்டை ஏற்று நடத்துகிறது. பின்னல் இனித் தாங்காது என்ற நிலை வரும்போது கித்தாரும் டிரம்ஸும் உள்ளே பாய்கின்றன. அதுவரை சிதறி நின்ற குரல்கள் ஒன்றுசேர்ந்து உரத்து ஒலிக்கின்றன. அந்த ஒற்றுமை கேட்பவருக்குத் தரும் ஆறுதல் பெரிது. அதற்கு முன் அத்தனை சிக்கலை அனுபவித்திருந்தால்தான் அது கிடைக்கும்.

கேள்வி: 'நாட்ஸ்' பாடலின் சொற்கள் எனக்குச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதுபோல் தோன்றின. இதற்கு ஏதேனும் பின்னணி உண்டா? மற்ற பாடல்களிலும் இலக்கியக் குறிப்புகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். (புதுச்சேரி வாசகர்)

பதில்: உங்கள் காது சரியாகவே பிடித்திருக்கிறது. ஆர். டி. லேங் என்ற மனநல மருத்துவர் 1970இல் வெளியிட்ட 'நாட்ஸ்' என்ற நூல்தான் பாடலின் மூலம். நூலின் தலைப்புக்கு முடிச்சுகள் என்று பொருள். கணவன் மனைவிக்கிடையே, பெற்றோர் பிள்ளைக்கிடையே மனங்கள் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதைச் சிறுசிறு சொற்கட்டுகளாக அவர் எழுதினார். அவனுடைய வருத்தம் அவளை வருத்துகிறது, அவள் வருந்துவதைக் கண்டு அவன் மேலும் வருந்துகிறான், அதற்குக் காரணம் தானே என்று அவள் நினைத்துக்கொள்கிறாள் என்பதுபோல அவை வளர்ந்துகொண்டே போகும். படிக்கையில் எங்கே தொடங்கியது என்பதே மறந்துவிடும். லேங்கும், இரண்டு மூத்த ஷுல்மன்களைப் போலவே, கிளாஸ்கோவில் பிறந்தவர்.

இத்தகைய சொற்களை ஒரே குரல் நேராகப் பாடியிருந்தால் அது வெறும் சொல் விளையாட்டாகப் போயிருக்கும். ஒருவர் சொல்லை இன்னொருவர் பறித்துக்கொள்வதும், ஒருவர் முடிக்குமுன் மற்றவர் பதில் சொல்வதும் குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சின் இயல்பே அல்லவா? அந்த இயல்பை மெட்டின் அமைப்பாகவே ஆக்கிவிட்டார்கள். உத்தியும் பொருளும் இவ்வளவு கச்சிதமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட ராக் பாடல் வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. இவர்களை மூளையால் மட்டும் இசையமைத்தவர்கள் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களோடு நான் முற்றிலும் மாறுபடுவது இந்தப் பாடலின் காரணமாகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பாடலான 'தி அட்வென்ட் ஆஃப் பனர்ஜ்' பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயின் கதைமாந்தர்களான பாண்டாக்ருவேலும் பனர்ஜும் நண்பர்களாவதைப் பாடுகிறது. பாண்டாக்ருவேலின் பிறப்பை முந்தைய ஆல்பம் ஒன்றில் ஏற்கெனவே பாடியிருந்தார்கள். 'எ க்ரை ஃபார் எவ்ரிஒன்' பாடலுக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் சிந்தனை தூண்டுதலாக இருந்தது. 'ராக்கன்டர் ட்ரூபடோர்' ஊர் ஊராகப் பாடித் திரியும் பாணனைப் பற்றியது. அதில் ரே ஷுல்மனின் வயலின் தெருவோரக் கூத்தின் துள்ளலோடு வரும். 'டாக்ஸ் லைஃப்' மேடைக் கருவிகளைச் சுமந்து ஊர் ஊராகத் தங்களுடன் வரும் பணியாளர்களுக்காகப் பாடியது. நூல்களைப் படித்திருந்தால்தான் பாடல்களை அனுபவிக்க முடியும் என்பதில்லை. நானே ரபலேயைப் பாடலைக் கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன்.

கேள்வி: உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இருமுறை கேட்டேன். மன்னிக்கவும், எனக்குத் தலைவலிதான் மிஞ்சியது. இதை எப்படிக் கேட்க வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: மன்னிப்புக்கு இதில் இடமே இல்லை, பலருக்கும் முதலில் நேர்வது இதுதான். இந்தக் குழுவினர் 1971ஆம் ஆண்டின் ஆல்பத்துக்கு வைத்த தலைப்பே 'அக்வயரிங் தி டேஸ்ட்', அதாவது சுவையைப் பழகிக்கொள்ளுதல். வெகுமக்கள் இசையின் எல்லைகளை விரிப்பதே தங்கள் நோக்கம், அதனால் மக்களிடம் செல்வாக்கு இல்லாமல் போகும் அபாயத்தையும் ஏற்கிறோம் என்று அதன் உறையில் அச்சிட்டே வெளியிட்டார்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும். கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில்தான் இந்த ஆல்பத்தை முதலில் கேட்டேன். என்னிடமிருந்த வாக்மேனின் ஹெட்ஃபோனில் இடப்பக்கம் வேலை செய்யாது. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் வலப்பக்கம் வந்த ஒலியை மட்டுமே 'நாட்ஸ்' பாடல் என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்காங்கே அர்த்தமில்லாத இடைவெளிகளோடு அது இருந்தது. அந்த இடைவெளிகளைக்கூட ரசிக்கப் பழகியிருந்தேன். பிறகு வேறொருவர் வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களில் அதே பாடல் ஒலித்தபோது, நான் மௌனம் என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் வேறொரு குரல் நின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். அன்று மாலை அதே நான்கு நிமிடங்களைப் பலமுறை திரும்பத் திரும்பப் போடச் சொல்லி அந்த வீட்டாரைச் சோதித்திருக்கிறேன்.

அந்தக் குறைபாட்டால் எனக்குத் தற்செயலாகக் கிடைத்த பயிற்சியை நீங்கள் விரும்பிச் செய்துபார்க்கலாம். ஒரு காதை மட்டும் வைத்து முதல் ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். பிறகு மறு காதில் அதே ஒரு நிமிடம். மூன்றாம் முறை இரண்டு காதிலும் கேட்கும்போது, ஏதேனும் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவை என்ன செய்தாலும் அதைக் கைவிடாமல் கடைசிவரை தொடர்ந்து செல்லுங்கள். கூட்டத்தில் தெரிந்த ஒருவரின் சட்டை நிறத்தை வைத்து அவரைத் தொடர்வதுபோல்தான் இது. அந்த ஒருவர் கண்ணில் நின்றுவிட்டால் கூட்டம் தானாகவே ஒழுங்குபட்டுவிடும்.

இன்னொன்று. 'நாட்ஸ்' பாடலில் தொடங்காதீர்கள். ஏழாவது பாடலான 'திங்க் ஆஃப் மி வித் கைண்ட்னெஸ்' பாடலை முதலில் கேளுங்கள். பியானோவோடு மின்னியர் தனியாகப் பாடும் பிரிவுப் பாட்டு அது. சிக்கலை எல்லாம் தள்ளி வைத்துவிட்டால் இவர்களிடம் எவ்வளவு எளிய, இதயத்தைத் தொடும் மெட்டு இருக்கிறது என்பது அதில் தெரியும். அடுத்து 'தி அட்வென்ட் ஆஃப் பனர்ஜ்' பாடலுக்கு வாருங்கள். மென்மையான குரல்கள் மாறி மாறி உரையாடும் அதன் தொடக்கம் பின்னால் வரும் முடிச்சுக்கு உங்கள் காதைத் தயார் செய்யும். 'தி பாய்ஸ் இன் தி பேண்ட்' பாட்டே இல்லாத கருவியிசை. ஒரு சிரிப்பொலியும், மேசைமேல் நாணயம் சுழன்று விழும் ஓசையுமாக அது தொடங்கும். குரல்களுக்குள் மூழ்கிய காதுக்கு அங்கே சற்று ஓய்வு கிடைக்கிறது. எட்டாவதான 'ரிவர்' மட்டும் மற்றவற்றின் இறுக்கத்தை எட்டவில்லை என்பது என் கருத்து. கேரி கிரீனின் கித்தார் நன்றாக இருந்தும் பாட்டு தேவைக்குமேல் நீளுகிறது.

கேள்வி: இவ்வளவு சிறப்பான ஆல்பம் என்றால் அது ஏன் கவனிக்கப்படாமல் போயிற்று? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: காரணம் ஒன்றல்ல. முதலாவது, அது வந்த காலம். 1972ஆம் ஆண்டு, ராக் இசையை நீண்ட, சிக்கலான வடிவங்களுக்குக் கொண்டுசென்ற புராக்ரெசிவ் ராக் இசையின் உச்சம். ஜெத்ரோ டல் குழுவின் 'திக் அஸ் எ ப்ரிக்', யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்', ஜெனிசிஸ் குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆகிய மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே நிரப்பும் நீண்ட படைப்புகளில்தான் பெருமை இருக்கிறது என்று ரசிகர்கள் கருதிய காலத்தில், இவர்கள் மூன்று நான்கு நிமிடப் பாடல்களுக்குள் அதே அளவு சரக்கை அடைத்துக் கொடுத்தார்கள். வெளிப்பார்வைக்கு அது சிறியதாகவே தோன்றியிருக்கும்.

இரண்டாவது, மேடை. அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ப்ளாக் சாபத் குழுவுக்கு முன்னிசை வழங்கும் குழுவாக இவர்களைச் சேர்த்துவிட்டார்கள். இரும்பை உருக்கி ஊற்றுவது போன்ற கித்தார் ஒலிக்காகக் காத்திருந்த கூட்டத்தின்முன் நிதானமாகப் பலகுரல் பாட்டுப் பாடினால் என்ன நடக்கும்? ஹாலிவுட் பௌல் அரங்கில் கூச்சலோடு மேடைமீது வெடியும் வந்து விழுந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது காரணம். ஆல்பம் வெளிவந்த சூட்டோடு, 1973இன் தொடக்கத்தில், மூத்தவரான ஃபில் ஷுல்மன் குழுவை விட்டு விலகினார். டெரெக்கைவிடப் பத்து வயது மூத்தவர். குடும்பத்தைப் பிரிந்து பயணத்திலேயே வாழ்வதை அவரால் தொடர முடியவில்லை. இந்த ஆல்பத்தின் குரல் சேர்க்கையில் ஒரு முக்கியக் கண்ணி அத்துடன் போயிற்று. இதே குரல்கள் சேர்ந்து இன்னோர் ஆல்பம் வரவே இல்லை. எஞ்சிய ஐவரும் அதே ஆண்டில் உருவாக்கிய 'இன் எ க்ளாஸ் ஹவுஸ்' ஆல்பத்தை விற்பனைக்கு ஏற்றதல்ல என்று கருதி கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிடவே இல்லை. 'ஆக்டோபஸ்' மூலம் அங்கே முளைத்த சிறிய ஆர்வத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போனது இப்படித்தான். குழுவின் ஆல்பங்களில் அமெரிக்கப் பட்டியலில் அதிக உயரம் சென்றது 1975இல் வந்த 'ஃப்ரீ ஹேண்ட்'. அதுவும் 48ஆம் இடம்வரைதான். 1980இல் குழு கலைந்தது.

கேள்வி: இந்தச் சிக்கலான பலகுரல் பாடல்களை மேடையில் அவர்களால் பாட முடிந்ததா, அல்லது ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டுச் செய்ததுதானா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: மேடையில் பாடினார்கள். 1976இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பதிவுசெய்து அடுத்த ஆண்டு வெளியிட்ட 'ப்ளேயிங் தி ஃபூல்' என்ற நேரடி ஆல்பத்தில் 'ஆக்டோபஸ்' பாடல்களைக் கோத்த நீண்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் 'நாட்ஸ்' வருகிறது. ஃபில் இல்லாத குறையை ஈடுசெய்ய மற்றவர்கள் பாகங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சிக்காக 1974இல் எடுத்த படப்பதிவும் உண்டு. மின்கித்தாரைக் கீழே வைத்துவிட்டு ரெக்கார்டர் என்ற மரக்குழலை எடுத்து அவர்கள் வாசிப்பதையும், பாடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் கவனித்துக்கொள்வதையும் பார்த்தால் அதில் ஒட்டு எதுவும் இல்லை என்பது விளங்கும்.

கேள்வி: இதைக் கேட்டு முடித்தவர்கள் அடுத்து எங்கே செல்லலாம்? எந்தப் பதிப்பை வாங்கலாம்? (மதுரை வாசகர்)

பதில்: இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2015இல் செய்த மறுகலவைப் (ரீமிக்ஸ்) பதிப்பில் குரல்கள் இன்னும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன, முதன்முறை கேட்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். பழைய இசைத்தட்டு கிடைத்தால் அதன் சுகம் தனி. பிரிட்டிஷ் பதிப்பில் ரோஜர் டீன் வரைந்த ஆக்டோபஸ் இருக்கும். அமெரிக்கப் பதிப்பின் உறையில் அதே உயிரினம் கண்ணாடிச் சாடிக்குள் அடைபட்டிருக்கும்.

இதே குழுவின் 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தில் 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' என்ற பாடல் கருவி இல்லாத நான்கு குரல் ஃப்யூக் வடிவில் தொடங்குகிறது. ஒரு குரல் கிளப்பும் மெட்டை அடுத்தடுத்த குரல்கள் துரத்திப் பிடிக்கும் அமைப்பு அது. 'நாட்ஸ்' பாடலைவிட அது காதுக்கு இணக்கமானது என்பதால் முன்னதாகவே அதைக் கேட்டுவிட்டாலும் தவறில்லை. பின்வந்தவர்களில் அமெரிக்காவின் ஸ்பாக்ஸ் பியர்ட் குழு 1996இல் வெளியிட்ட 'தாட்ஸ்' என்ற பாடலைத் தேடிக் கேளுங்கள். ஜென்டில் ஜயன்ட் குழுவினர் போட்ட அதே முடிச்சை இன்னொரு தலைமுறை எடுத்துப் போட்டுப் பார்ப்பது அதில் வெளிப்படையாகக் கேட்கும். ஸ்வீடனின் மூன் சஃபாரி குழுவும் பலகுரல் பாட்டில் கைதேர்ந்தது. ஆனால் அவர்களுடையது நான் முன்னே சொன்ன இரண்டாம் முறைக்கு நெருக்கமானது, குரல்கள் இனிமையாகத் தோளோடு தோள் சேர்ந்து நடப்பது. அதற்கான கேள்விகள் வந்தால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.